செலியமேட்டுக்காரர் பார்த்த பக்கம்

கரிக்கலாம்பாக்கத்தில் நான் இருக்கும் மனைப்பிரிவில் மொத்தம் இருபத்திரண்டு மனைகள். வீடு எழும்பியது நாலில்தான். மற்றவற்றில் கல் மட்டும் நட்டிருக்கிறது. ஐப்பசியில் தண்ணீர் கட்டிக்கொண்டால் அவை பழையபடி வயலாகிவிடும். பகலிலேயே தவளை கத்தும்.

இந்த வீட்டுக்கு வரைபடம் போட்டபோது நானும் கணவருமாக இரண்டு பேர். இருவருக்கும் கம்ப்யூட்டர் வேலை என்பதால் மாடியில் ஆளுக்கொரு சின்ன அறை. தளம் போட்டபோதே எங்களுக்குள் பேச்சு குறைந்துவிட்டது. டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்த சமயத்தில் அவர் வெளிநாட்டில் வேலை வாங்கிக்கொண்டு போனார். போனவர் திரும்பி வரப் போவதில்லை என்று இருவருக்குமே தெரியும், சொல்லிக்கொள்ளவில்லை. கிரகப்பிரவேசம் என்று எதுவும் வைக்காமல், ஒரு சனிக்கிழமை காலையில் நான் மட்டும் பால் காய்ச்சிக் குடித்துவிட்டுக் குடிவந்தேன். இப்போது நான்காவது வருஷம். அவருக்கென்று கட்டிய அறையில் துணி காயப்போடுகிறேன்.

பழைய வலைத்தளங்களைப் பராமரிப்பது என் வேலை. யாரோ எப்போதோ எழுதிவிட்டுப் போயிருப்பார்கள், அது ஓடிக்கொண்டிருக்கும், ஒருநாள் ஓடாது. அப்போது என்னைக் கூப்பிடுவார்கள். கூப்பிடுவார்கள் என்றால் மெயில் அனுப்புவார்கள். நான் பதில் மெயில் அனுப்புவேன். சில நாட்களில் பால்காரரிடம் "அரை லிட்டர் போதும்" என்று சொன்னதற்குப் பிறகு வாய் திறக்கவே தேவை இருக்காது.

காணாமல் போனவர்களைத் தேடும் குடும்பங்களுக்கு உதவுகிற சின்ன அமைப்பு ஒன்று புதுச்சேரி டவுனில் இருக்கிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு டீச்சரம்மாதான் அதை நடத்துகிறார். அவர்களுடைய தளத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவு எண், ஒரு பக்கம். மேலே போட்டோ, பெயர், ஊர், எப்போது எங்கே கடைசியாகப் பார்த்தது. கீழே 'நிலவரம்' என்று ஒரு வரி. காப்பகங்களிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் தகவல் வந்தால் அந்த வரியை டீச்சரம்மா மாற்றுவார். பெரும்பாலான பக்கங்களில் அந்த வரி ஒன்றேதான்: தகவல் இல்லை.

அந்தத் தளத்தைப் பெர்ல் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் எழுதியவர் பல வருஷத்துக்கு முன்பே எங்கோ போய்விட்டார். பழைய சர்வரை மூடப்போகிறோம் என்று கம்பெனிக்காரர்கள் சொன்னதும் டீச்சரம்மா எனக்கு எழுதினார். புதிய சர்வருக்கு மாற்ற வேண்டும், முடிந்தால் வேகமாக்கவும் வேண்டும். ஒரு பக்கம் திறக்க எண்ணி இருபது வினாடி ஆகிறது, கிராமத்தில் போனில் பார்க்கிறவர்கள் பாதியில் மூடிவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தார்.

ஏன் அவ்வளவு மெதுவு என்று பார்த்தவுடனே தெரிந்தது. யாராவது ஒரு பக்கத்தைக் கேட்டால் சர்வர் அவர் எழுதிய நிரலை, அந்த ஸ்கிரிப்டை, புதிதாக எழுப்பும். அது முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்து, தயாராகி, ஒருவருக்குப் பதில் கொடுத்துவிட்டுச் செத்துப்போகும். அடுத்தவர் கேட்டால் மறுபடி முதலிலிருந்து. இதற்கு மாற்றாக வெப் சர்வருக்குள்ளேயே மாட்யூல் என்கிற ஒரு கூடுதல் பகுதியைச் சேர்க்கலாம். சேர்த்துவிட்டால் ஸ்கிரிப்ட் சாகாது. நினைவகத்தில் விழித்தபடியே இருந்து, வருகிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லும்.

முதல் நாள் மாட்யூலை நிறுவி, சர்வரின் அமைப்புக் கோப்பில் வரிகளைச் சேர்த்துவிட்டுத் திறந்து பார்த்தால், ஸ்கிரிப்ட் ஓடவில்லை. அதன் நிரல் முழுவதும் அப்படியே எழுத்தாகத் திரையில் வந்து நின்றது. இந்த ஃபோல்டரில் இருப்பதை ஓட்ட வேண்டும், காட்டக்கூடாது என்று சர்வருக்குச் சொல்லும் வரியை நான் தப்பான இடத்தில் போட்டிருந்தேன். அதைச் சரிசெய்தால் வெள்ளைத் திரை, 'உள் பிழை' என்று ஒரே வரி. சர்வர் தன் பிழைகளைக் குறித்துவைக்கும் எரர் லாகைத் திறந்து பார்த்தேன். ஏதோ ஒரு துணைக்கோப்பு கிடைக்கவில்லை என்றது. பாதையைக் கொடுத்தேன். படிக்க அனுமதி இல்லை என்றது. அனுமதி கொடுத்தேன். இப்படியே இரண்டு நாள் போனது. நான் ஒன்று செய்வேன், லாக் ஒன்று சொல்லும். சொன்னதற்குச் சொன்னபடி பதில் வருவது எனக்குப் பிடித்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்குப் பக்கம் திறந்தது. கண் இமைப்பதற்குள் வந்துவிட்டது. "வந்துடுச்சு" என்று சத்தமாகச் சொன்னேன். தொண்டை கட்டினாற்போல் குரல் வந்தது. அன்றைக்குப் பால்காரர் வரவில்லை. அதுதான் நான் பேசிய முதல் வார்த்தை.

லாகில் ஒரு எச்சரிக்கை இருந்தது. நிரல் ஒரு மதிப்பைப் போட்டுவைக்கும் மாறி ஒன்றைக் குறிப்பிட்டு, இது தொடர்ந்து பொதுவாக இருக்காது என்கிற பொருளில் ஒரு வரி. படித்தேன். பிழை இல்லை, எச்சரிக்கைதானே என்று விட்டேன். பழைய நிரல்களில் இப்படி நூறு எச்சரிக்கை வரும். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தால் வேலை முடியாது. எதையாவது மாற்றுவேன், சர்வரை ரீஸ்டார்ட் செய்வேன், ஒரு பதிவைத் திறந்து பார்ப்பேன், சரியாக இருக்கும். இப்படிப் பத்துப் பதினைந்து தடவை பார்த்துத் திருப்தியாகித் தளத்தைத் திறந்துவிட்டேன். டீச்சரம்மா 'சூப்பர்மா' என்று ஒரு மெயில் போட்டார்.

ஆறாம் நாள் அவரே போன் செய்தார். மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஜன்னலை மூடிவிட்டு எடுத்தேன்.

"ஏம்மா, என்ன பண்ணி வெச்சிருக்க?" என்றார்.

"என்னாச்சு டீச்சர்?"

"செலியமேட்டுலேர்ந்து ஒருத்தர். தம்பியைத் தேடிக்கிட்டிருக்கார், பதிமூணு வருஷமா. வாரம் தவறாம நம்ம சைட்டைப் பார்ப்பார். நேத்து பார்த்தா தம்பி பக்கத்துல 'கண்டறியப்பட்டார், விழுப்புரம் காப்பகம்'னு போட்டிருக்கு. ஆபீஸ் சாத்தியிருந்திச்சு, என் போனும் எடுக்கல. மனுஷன் கிளம்பிப் போயிட்டார். அங்க போனா அப்படி யாருமே இல்லன்னு சொல்லியிருக்காங்க. வாசல்லயே உக்காந்துட்டாராம்."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பதிவு எண்ணைக் கேட்டு அந்தப் பக்கத்தைத் திறந்தேன். ஒல்லியான ஓர் இளைஞனின் போட்டோ. கீழே, தகவல் இல்லை.

"எனக்குச் சரியாத்தானே காட்டுது டீச்சர்."

"அப்ப அவர் பொய் சொல்றாரா? ஸ்கிரீனை போட்டோ புடிச்சு வெச்சிருக்கார். அனுப்பறேன், பாரு."

வந்தது. அதே இளைஞன், அதே பெயர், அதே ஊர். கீழே மட்டும் 'கண்டறியப்பட்டார்' என்று பச்சை நிறத்தில். போனைப் பிடித்திருந்தவரின் கட்டைவிரல் ஓரத்தில் விழுந்திருந்தது, நகத்துக்குள் மண்.

முதலில் மாட்யூலை நிறுத்தினேன். அமைப்புக் கோப்பில் ஒரு வரியை நீக்கினால் போதும், ஸ்கிரிப்ட் பழையபடி ஒவ்வொரு தடவையும் புதிதாக எழுந்து மெதுவாக ஓடும். மெதுவாக இருந்தாலும் தப்பாகச் சொல்லாது. அதற்குப் பிறகு என் கம்ப்யூட்டரில் ஒரு நகல் வைத்து, தப்பு எங்கே என்று தேட ஆரம்பித்தேன்.

தப்பு வரவேயில்லை. எத்தனை தடவை ரீஸ்டார்ட் செய்து எந்தப் பதிவைத் திறந்தாலும் சரியாகவே வந்தது. மதியத்துக்குள் எனக்கு ஒரு சந்தேகம் பிடித்துக்கொண்டது. இரண்டு பேர் ஒரே நொடியில் கேட்டால், இரண்டு கேள்விகளும் உள்ளே முட்டிக்கொள்கின்றனவோ? அதைச் சோதிக்க இன்னொரு ஆள் வேண்டும். ஒரே நொடியில் இரண்டு போனில் அழுத்த வேண்டும். என்னிடம் இருப்பது ஒரு போன், ஒரு ஆள்.

யோசித்துப் பார்த்தேன். கூப்பிட்டால் வரக்கூடியவர் என்று யார் இருக்கிறார்கள்? இரண்டு மனை தள்ளி இருக்கும் வீட்டில் ஓர் அக்கா இருக்கிறார். பக்கத்துக் கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. எதிரே பார்த்தால் சிரிப்பார், நானும் சிரிப்பேன். மூன்று வருஷமாக அவ்வளவுதான். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. குடையை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன்.

"அக்கா, ஒரு அஞ்சு நிமிஷம் எங்க வீட்டுக்கு வர முடியுமா? உங்க போனையும் எடுத்துக்கிட்டு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாம்மா, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"இல்லக்கா. ஒரு வேலை. ரெண்டு பேர் வேணும்."

கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டார். உள்ளே நுழைந்ததும் சுற்றிப் பார்த்தார். "இத்தினி நாளா இந்த வூட்ல ஆள் இருக்குதா இல்லியான்னே தெரியாது. மாடில லைட்டு எரிஞ்சா சரி, இருக்குதுன்னு நெனச்சிக்குவேன்."

சோதனைக்கென்று இரண்டு பொய்ப் பதிவுகளைச் செய்து வைத்திருந்தேன். ஒன்றில் தென்னை மரத்தின் படம், நிலவரம் 'மரம் கிடைத்தது'. இன்னொன்றில் குடத்தின் படம், நிலவரம் 'குடம் தேடப்படுகிறது'. என் போனில் மரம், அவர் போனில் குடம். நான் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினால் இருவரும் சேர்ந்து அழுத்த வேண்டும். அழுத்தினோம். சரியாக வந்தது. மறுபடி அழுத்தினோம். சரி. நாலைந்து தடவை ஆனது.

"இதான் வேலையா?" என்றார் அக்கா.

"ஆமாக்கா."

"இதுக்கு சம்பளம் தராங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சர்வர் ஒரே சமயத்தில் தன் பல நகல்களை வேலையாட்கள்போல் வைத்துக்கொண்டு இயங்கும். வருகிற கேள்விகளை அவர்களுக்குள் பிரித்துக் கொடுக்கும். சோதனைக்காக ஒரே ஒரு வேலையாளோடு ஓட்டவும் வழி உண்டு. அப்படி மாற்றி ஓடவிட்டேன். மறுபடி எண்ணினேன். நான் அழுத்திவிட்டேன். அக்கா அழுத்தவில்லை. அவருக்கு ஏதோ மெசேஜ் வந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ, உட்டுட்டேன். இரு, இப்ப அமுக்கறேன்." அரை நிமிஷம் கழித்து அழுத்தினார். போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் படித்தார். "ஏம்மா, குடத்துக்குக் கீழ 'மரம் கிடைத்தது'ன்னு போட்டுருக்குதே?"

வாங்கிப் பார்த்தேன். படம் குடம். பெயர் குடம். நிலவரம் மட்டும் மரத்துடையது.

"மறுபடி அமுக்குங்கக்கா."

"மரம் கிடைத்தது."

"மறுபடி."

"மரம்தான் வருது. குடத்தைக் காணோம்."

அப்போது புரிந்தது. ஒரே நொடியில் கேட்க வேண்டிய தேவையே இல்லை. ஒருவர் பின்னால் ஒருவர் வந்தாலே போதும். அந்த ஸ்கிரிப்டுக்குள் நிலவரத்தை மட்டும் எடுத்து வருவதற்கு ஒரு சின்னத் துணை நிரல் இருந்தது. எந்தப் பதிவு எண் என்று அதனிடம் யாரும் கையில் கொடுப்பதில்லை. வெளியே கிடக்கும் மாறியிலிருந்து அதுவே பார்த்துக்கொள்ளும். ஸ்கிரிப்ட் ஒவ்வொரு தடவையும் செத்துப் பிறந்தவரை அதில் ஒரு குறையும் இல்லை. சாகாமல் இருக்க ஆரம்பித்ததும், அது முதலில் வந்தவரின் எண்ணைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. அதற்குப் பிறகு எத்தனை பேர் வந்தாலும் முதல் ஆளின் நிலவரத்தையே சொன்னது. நான் தனியாகச் சோதித்தபோது ஒவ்வொரு தடவையும் ரீஸ்டார்ட் செய்துவிட்டு ஒரே ஒரு பதிவைத்தான் பார்த்தேன். எப்போதும் நானே முதல் ஆள், நானே கடைசி ஆள். அதனால் எனக்குத் தப்பே தெரியவில்லை.

ஆறு நாளும் வேறு யாருக்கும் தெரியாமல் போனதற்குக் காரணம் இன்னும் எளிது. ஏறக்குறைய எல்லோருடைய நிலவரமும் 'தகவல் இல்லை'தான். ஒருவருடையது இன்னொருவருக்கு மாறிப்போனாலும் அதே வரிதான் வரும். கிடைத்துவிட்ட ஒருவருடைய பக்கத்தை யாரோ முதலில் திறந்திருக்கிறார்கள். அதே வேலையாளிடம் அடுத்ததாகப் போய் மாட்டியவர் செலியமேட்டுக்காரர்.

லாகில் நான் படித்துவிட்டு விட்ட அந்த எச்சரிக்கை இதைத்தான் சொல்லியிருந்தது. வரி எண்ணோடு சொல்லியிருந்தது.

அக்காவுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். வீட்டில் இருந்த இரண்டாவது டம்ளரைத் தேடிக் கழுவ வேண்டியிருந்தது. இது எதற்காக என்று கேட்டார். சொன்னேன். விழுப்புரம் போனதையும் வாசலில் உட்கார்ந்துவிட்டதையும் சொன்னபோது டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"அய்யோ பாவமே. நீ போய் அவரப் பாத்தியா?"

"டீச்சரம்மா பேசிட்டாங்க."

"அவங்க பேசனா? தப்பு யாரு பண்ணது?"

அக்கா டீயைக் குடித்துவிட்டு, "வரேம்மா" என்று எழுந்தார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "குடம் கெடச்சா சொல்லு" என்றார். வேடிக்கைக்குத்தான் சொன்னார்.

அந்தத் துணை நிரலுக்குப் பதிவு எண்ணை ஒவ்வொரு தடவையும் கையில் கொடுக்கும்படி மாற்றினேன். அதே மாதிரி இன்னும் ஏழு இடங்கள் இருந்தன, அத்தனையையும் மாற்றினேன். மூன்று நாள் பல பதிவுகளை மாற்றி மாற்றித் திறக்கும்படி ஒரு சோதனையை ஓடவிட்டேன். லாகில் ஒரு எச்சரிக்கையும் வராதபடி சரிசெய்துவிட்டு மாட்யூலை மறுபடி சேர்த்தேன். அதன் பிறகு டீச்சரம்மாவிடம் செலியமேட்டு முகவரியைக் கேட்டேன்.

"எதுக்கும்மா? நான்தான் மன்னிப்பு கேட்டுட்டேனே" என்றார்.

"நான் கேக்கல டீச்சர்." அவர் அந்தக் குடும்பத்துக்குப் போன் செய்து, வரலாமா என்று கேட்டுவிட்டுத்தான் முகவரி கொடுத்தார்.

ஸ்கூட்டியில் பாகூர் வழியாகப் போனேன். மழை விட்டிருந்தது. ஏரி நிரம்பி ரோட்டோரம் வரை தண்ணீர் தெரிந்தது. வழியெல்லாம் என்ன சொல்வது என்று மனசுக்குள் எழுதிப் பார்த்தேன். மெயில் என்றால் நாலு தடவை திருத்தலாம்.

கரும்புத் தோட்டத்தை ஒட்டி ஓட்டு வீடு. அவருக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். வெள்ளை பனியன், மடித்துக்கட்டிய லுங்கி. நாற்காலியைப் போட்டுவிட்டு அவர் கட்டிலில் உட்கார்ந்தார். அவர் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாங்க என்றும் சொல்லவில்லை.

"அந்த சைட்டைப் பாத்துக்கறது நான்தான்" என்று ஆரம்பித்தேன். "அன்னிக்கு உங்களுக்கு..."

"கம்ப்யூட்டர் தப்பு பண்ணிடுச்சின்னு சொல்லத்தான வந்துருக்கீங்க?" என்று மனைவி இடைமறித்தார். "அந்த டீச்சரும் அதான் சொன்னாங்க."

"கம்ப்யூட்டர் இல்லம்மா. நான்தான் பண்ணேன். இந்த எடத்துல தப்பு வரும்னு அது எனக்கு முன்கூட்டியே சொல்லுச்சு. நான் படிச்சிட்டு, பரவால்லன்னு விட்டுட்டேன்."

மனசுக்குள் எழுதி வைத்திருந்ததில் இது இல்லை. அந்த அம்மா என்னையே பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் உள்ளே போய்விட்டார்.

கட்டிலில் இருந்தவர்தான் பேசினார், என்னைப் பார்க்காமல், கரும்பைப் பார்த்தபடி.

"பச்ச கலர்ல இருந்துச்சி. அதுவரிக்கும் பச்சயே பாத்ததில்ல நான். வில்லியனூர் போயி விழுப்புரம் பஸ்ஸு புடிச்சேன். அவனுக்கு ஒரு சட்ட எடுத்துகினு பூட்டேன். அளவு தெரியல. முன்ன இருந்த அளவுதான் தெரியும். எளச்சிருப்பானோ பெருத்திருப்பானோ... கடக்காரர் எந்த அளவுன்னு கேக்கறாரு, எனக்கு சொல்லத் தெரியல."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். மன்னித்துவிட்டாரா, கேட்டுக்கொண்டேன் என்கிறாரா என்று தெரியவில்லை. தம்பிக்கும் அவருக்கும் ஏதோ சண்டை, கை நீட்டிவிட்டாராம், மறுநாள் காலையில் தம்பி இல்லை.

என் பக்கம் திரும்பி, "அப்ப அந்த எழுத்து யாருது?" என்றார்.

"எந்த எழுத்து?"

"கண்டறியப்பட்டார்னு இருந்துச்சே. என் தம்பி இல்லன்னா வேற யாரோ கெடச்சிருக்காங்க இல்ல? அவங்க வூட்டுக்காரங்களுக்குத் தெரியுமா? எனக்கு அவங்குளுது வந்தா மாதிரி, அவங்களுக்கு என்னுது வந்து, தகவல் இல்லன்னு பாத்துட்டு உக்காந்துருந்தா?"

இத்தனை நாள் நான் அந்த நிரலைப் பற்றி யோசித்தேன், லாகைப் பற்றி யோசித்தேன், இவரைப் பற்றியும் யோசித்தேன். இது ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. அங்கேயே உட்கார்ந்து டீச்சரம்மாவுக்குப் போன் போட்டேன். அவர் நோட்டைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. உள்ளே போயிருந்த மனைவியும் மறுபடி கதவருகே வந்து நின்றார்.

"அது ஒரு பாட்டியம்மாவோட பதிவு. திண்டிவனம் பக்கத்துக் குடும்பம். நீ சைட்டை மாத்தறதுக்கு முன்னாடியே மகன் வந்து கூட்டிட்டுப் போயிட்டாரும்மா" என்றார் டீச்சரம்மா. "ஏன் கேக்கற?"

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். கட்டிலில் இருந்தவரும் கேட்டுக்கொண்டார்.

"வூட்டுக்குப் போயி சேந்துட்டாங்களா?"

"சேந்துட்டாங்க."

"சரி, நல்லதாப் போச்சி" என்றார். அவர் மனைவி உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார்.

கிளம்பலாம் என்று எழுந்தபோது அவர், "ஒரு நிமிசம்" என்று போனை எடுத்துவந்தார். தம்பியின் பக்கம் திறந்தது. இப்போது வேகமாகத் திறந்தது. நிலவரத்தில் பழையபடி 'தகவல் இல்லை'. அவர் அதைக் காட்டவில்லை. மேலே ஒரு வரியில் விரலை வைத்தார்.

"இங்க வயசு இருபத்தெட்டுன்னு போட்டுருக்குது பாருங்க. எழுதிக் குடுக்கறப்ப இருபத்தெட்டு. இப்ப அவனுக்கு நாப்பத்தொண்ணு. காப்பகத்துல யாராச்சும் இருபத்தெட்டு வயசுப் பையன தேடினா, நாப்பத்தொண்ணு வயசு ஆள எப்பிடிம்மா காட்டுவாங்க? நானும் ஒருதரம் ரெண்டுதரம் ஆபீஸ்ல சொல்லணும்னு நெனச்சேன். படிச்சவங்க, தெரியாமலா போட்டுருப்பாங்கன்னு உட்டுட்டேன்."

நான் அந்தப் பக்கத்தை நூறு தடவை பார்த்திருப்பேன். டீச்சரம்மா தினமும் பார்க்கிறார். தளத்தை எழுதினவரும் பார்த்திருப்பார். பட்டியலில் இருந்த அத்தனை பேரும் காணாமல் போன அன்றைக்கு இருந்த வயதிலேயே இருந்தார்கள். தேடல் பக்கத்தில் வயதைக் கொடுத்துத் தேடினாலும் அந்தப் பழைய வயதில்தான் தேடும். அதைப் பற்றி லாகில் ஒரு எச்சரிக்கையும் வராது. ஸ்கிரிப்டைப் பொறுத்தவரை அதில் ஒரு தப்பும் இல்லை.

"மாத்திடறேன்" என்றேன்.

"எல்லாருக்குமா, என் தம்பிக்கு மட்டுமா?"

"எல்லாருக்கும்."

திரும்பும்போது தூறல் போட்டது. பாகூர் கடைத்தெருவில் ஒரு டீக்கடையில் ஒதுங்கினேன். நாலைந்து பேர் உள்ளே பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குள் நான் நின்றுகொண்டிருந்தேன், யாருக்கும் நான் யாரென்று தெரியாது. மழை விட்ட பிறகும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் கிளம்பினேன்.

மறுநாள் காலையிலேயே உட்கார்ந்தேன். காணாமல் போன தேதியும் அன்றைய வயதும் ஒவ்வொரு பதிவிலும் இருந்தன. இன்றைய தேதியோடு கணக்கிட்டு இப்போதைய வயதைக் காட்ட ஆறு வரி நிரல் போதும். தேதி நினைவகத்தில் உறைந்து நின்றுவிடாமல், ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். தேடலிலும் அதையே சேர்த்தேன். முதலில் டீச்சரம்மாவிடம் காட்டினேன். "சரியாத்தான் சொல்லியிருக்கார் மனுஷன். இத்தனை வருஷம் எனக்கு எப்படித் தோணல?" என்றார். மதியம் சர்வரில் ஏற்றினேன்.

பட்டியலைத் திறந்து மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தேன். ஏழு வயதுச் சிறுமிக்கு இருபத்திரண்டு ஆகியிருந்தது. கல்லூரி பஸ்ஸில் ஏறியவனுக்கு முப்பத்து நாலு. எழுபது வயதில் கோயிலுக்குப் போய்த் திரும்பாத ஒருவருக்கு எண்பத்தொன்பது. போட்டோக்கள் மட்டும் அப்படியே இருந்தன. எல்லோருக்கும் ஒரே மதியத்தில் வயதாகிவிட்டது. அதைச் செய்தவள் நான் என்பது என்னவோ போலிருந்தது. எழுந்து போய்ப் பக்கத்து அறையில் காய்ந்த துணிகளை எடுத்து மடித்தேன்.

சாயங்காலம் செலியமேட்டுக்காரருக்குப் போன் செய்தேன். மாற்றிவிட்டேன், திறந்து பாருங்கள் என்றேன். "லைன்லயே இருங்க" என்றார். அவர் மனைவியைக் கூப்பிடுவது கேட்டது, இருவரும் ஏதோ பேசிக்கொள்வதும் கேட்டது.

"நாப்பத்தொண்ணுன்னு வந்துருக்குது" என்றார்.

"ஆமாங்க."

"எங்கப்பாவுக்கு அந்த வயசுல தல நல்லா நரச்சிருந்துச்சி." மனைவியிடமும் அதையே ஒருமுறை சொன்னார். பிறகு, "இவனுக்கும் நரச்சிருக்கும்" என்றார்.

"அதையும் கீழ எழுதட்டுங்களா?" என்று கேட்டேன். "தலை நரைச்சிருக்கலாம்னு?"

"எழுதுங்கம்மா" என்றார்.